சொருகினால்தான் சிக்கனம்!
டாலிகஞ்சில் ஒரு கார்க் கணக்கு

அந்தமானில் ரயில் கிடையாது. கப்பலை விட்டோ விமானத்தை விட்டோ இறங்கியவர் பஸ்ஸையும் ஆட்டோவையும் சொந்த வண்டியையும்தான் நம்பியாக வேண்டும். அந்த வண்டிகள் குடிக்கும் பெட்ரோலும் டீசலும் கடல் கடந்து வருகின்றன. போதாததற்கு, தீவில் விளக்கு எரிவதும் மின்விசிறி சுற்றுவதும் பெரும்பாலும் அதே டீசலில்தான். இந்தியப் பெருநிலத்தின் மின்கம்பிகள் எதுவும் இந்தத் தீவுகளை எட்டவில்லை.

இப்படிப்பட்ட ஊரில், சுவரில் சொருகிச் சார்ஜ் ஏற்றிக் கொள்ளும் காரை ஒருவர் வாங்கினால் லாபமா, நஷ்டமா? 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரை ஒட்டிய டாலிகஞ்சில் நம்மவர் குடும்பங்கள் பல உண்டு. அரசுக் குமாஸ்தாக்கள், காண்டிராக்ட் வேலைக்காரர்கள், கடை வைத்திருப்பவர்கள் என்று பலதரப்பட்டவர்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

பிளக்-இன் ஹைபிரிட் என்பது இரண்டு வயிறு உள்ள வண்டி. ஒன்றில் பெட்ரோல், மற்றொன்றில் மின்சாரம். வீட்டுச் சாக்கெட்டில் சொருகிப் பேட்டரியை நிரப்பினால் முதல் முப்பது, ஐம்பது கிலோமீட்டர் வரை மின்சாரத்திலேயே ஓடும். பிறகு பெட்ரோல் எஞ்சின் வேலைக்கு வந்துவிடும். சாதாரண ஹைபிரிட் வண்டியை வெளியே சார்ஜ் செய்ய முடியாது. அது ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் தன் பேட்டரியைத் தானே நிரப்பிக் கொள்ளும். இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் அமெரிக்காவிலேயே ஏராளம்.

சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் 2008 டிசம்பரில் இவ்வகைக் காரை முதன்முதலாகத் தொழிற்சாலையிலிருந்து விற்பனைக்குக் கொண்டு வந்தது. நம் சென்னை அசோக் லேலண்டும் சும்மா இருக்கவில்லை. 2010ல் டில்லி வாகனக் கண்காட்சியில் இயற்கை எரிவாயுவும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் பிளக்-இன் பஸ் ஒன்றைக் காட்டியது.

மாணவர் கண்ட உண்மை

வண்டியைச் செய்வது எஞ்சினீயர் வேலை. அதை ஜனங்கள் வாங்குவார்களா, வாங்கினால் எப்படி ஓட்டுவார்கள் என்பது வேறு படிப்பு. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் அந்தப் படிப்பை முறையாக நடத்தினார்கள். டொயோட்டா பிரியஸ் கார்கள் சிலவற்றைப் பிளக்-இன் வண்டிகளாக மாற்றி, சாதாரணக் குடும்பங்களிடம் சில வாரங்கள் ஓட்டக் கொடுத்தார்கள். அங்கே முதுநிலை ஆராய்ச்சி மாணவராக இருந்த ஜான் ஆக்ஸன் 2010ல் டாக்டர் பட்டம் பெற்றது இந்த விஷயத்தில்தான். இன்று அவர் கனடாவில் பேராசிரியர்.

அவர் எடுத்துக் கொண்ட கேள்வி சுவையானது. காரை ஓட்டியவர் என்ன சொன்னார் என்பதோடு நிற்காமல், அவருடைய அண்டை வீட்டார், மைத்துனர், ஆபீஸ் நண்பர் ஆகியோரிடம் அந்தக் காரைப் பற்றி என்ன பேச்சு நடந்தது என்றும் விசாரித்தார். ஒருவர் மனம் மாறுவதும் மாறாமல் இருப்பதும் அந்தப் பேச்சில்தான் பெரிதும் தீர்மானமாகிறது என்று கண்டார். விளம்பரம் படித்துக் கார் வாங்குகிறவனை விட மைத்துனன் சொல் கேட்டு வாங்குகிறவன் அதிகம் என்பது நமக்குப் புதிதல்ல. ஆனாலும் அதை ஆராய்ச்சியாகச் செய்து காட்ட ஒருவர் வேண்டியிருந்தது.

இன்னொரு ஆய்வில் அவரும் அவருடைய வழிகாட்டி கென் குரானியும், புதிய கார் வாங்கிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். கார் நிறுத்தும் இடத்துக்கு இருபத்தைந்து அடிக்குள் உங்களுக்குச் சாக்கெட் இருக்கிறதா? ஏறக்குறைய பாதிப் பேர்தான் ஆம் என்றார்கள். உங்களுக்குப் பிடித்த பிளக்-இன் காரை நீங்களே வடிவமைத்தால்? நிபுணர்கள் எதிர்பார்த்த பெரிய பேட்டரியை ஜனங்கள் பெரும்பாலும் கேட்கவில்லை. சின்னப் பேட்டரி போதும், பெட்ரோல் குறைந்தால் சரி, விலை ஏறக் கூடாது என்றார்கள்.

பிரிக்காத ஒயர்

ஐரோப்பா இதற்கு அடுத்த பாடத்தைத் தந்தது. ஹாலந்தில் கம்பெனி ஊழியர்கள் பிளக்-இன் கார் வைத்துக் கொண்டால் 2013ல் வரி கிடையாது. கார்கள் மளமளவென்று விற்றன. ஆனால் பெட்ரோல் செலவைக் கம்பெனி கொடுத்தது. வீட்டுக் கரண்ட் பில்லை ஊழியர் கட்ட வேண்டும். யார் சொருகுவார்? சார்ஜ் ஒயரைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து பிரிக்காமலே வண்டியைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு என்று பேச்சு. பின்னால் அந்த அரசு சலுகையைப் படிப்படியாகக் குறைத்தது.

சுத்தமான போக்குவரத்துக்கான சர்வதேசக் கவுன்சில் 2020ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எண் போட்டது. பரிசோதனைச் சாலைக் கணக்குப்படி நூற்றுக்கு 69 கிலோமீட்டர் மின்சாரத்தில் ஓட வேண்டிய கார்கள், சொந்தக்காரர் கையில் 37தான் ஓடின. கம்பெனி கார்களோ வெறும் 20. குடித்த பெட்ரோலும் ஏட்டில் காட்டியதைப் போல் இரண்டு முதல் நான்கு மடங்கு. காரில் பழுதில்லை. பில் கட்டும் கையும் சொருகும் கையும் வேறாகிப் போனதில்தான் பழுது.

இந்தியாவில் இந்தக் கார்கள் பெரும்பாலும் பணக்காரர் வீட்டு வாசலோடு நின்றுவிட்டன. 2016ல் வந்த வால்வோ எக்ஸ்.சி. 90 காரின் விலை கோடி ரூபாயைத் தாண்டியது. வரியும் அப்படியே. முழு மின்சார வண்டிக்கு 2019 ஆகஸ்டு முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். பெரிய ஹைபிரிட் கார்களுக்கு 2017லிருந்து செஸ் சேர்த்து 43. 2025 செப்டம்பர் 22 முதல் 40.

நெய்வேலிக்காரர் வெயில்

இப்போது டாலிகஞ்சுக்கு வருவோம். தீவில் டீசலைக் குறைக்க நெய்வேலி என்.எல்.சி. நிறுவனம் அட்டம்பஹாடிலும் டாலிகஞ்சிலுமாக மொத்தம் 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை நிறுவியது. 2020ல் வேலை முடிந்தது. பழுப்பு நிலக்கரி தோண்டியவர்கள் கடல் கடந்து வெயிலை அறுவடை செய்யப் போனார்கள்! கூடவே 8,000 யூனிட் சேமிக்கும் பேட்டரிக் கிடங்கு. மேகம் கடக்கும்போது மின்சாரம் தடாலென்று விழாமல் தாங்கிப் பிடிப்பது அதன் முக்கிய வேலை. பத்து யூனிட் கொள்ளும் கார்களுக்கு மட்டும் கொடுத்தால் 800 கார்கள் நிரம்பும். கார்களுக்கு மட்டும் கொடுக்க யாரால் முடியும்?

இனி கணக்கு. ஒரு லிட்டர் டீசலை ஜெனரேட்டரில் எரித்தால் மூன்றரை முதல் நான்கு யூனிட் வரை கிடைக்கும். ஒரு கார் மின்சாரத்தில் நூறு கிலோமீட்டர் ஓட, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, சுமார் 20 யூனிட் வேண்டும். அதாவது ஐந்தாறு லிட்டர் டீசல். நல்ல ஹைபிரிட் கார் அதே தூரத்தை ஐந்து லிட்டர் பெட்ரோலில் ஓடிவிடும். இரவில் டீசல் மின்சாரத்தைச் சொருகினால், எண்ணெய் காரில் எரியாமல் மின் நிலையத்தில் எரியும். அவ்வளவுதான் வித்தியாசம். கரண்டுக்கு அரசு மானியம் இருப்பதால் காரின் சொந்தக்காரர் பர்சில் மிச்சம் தெரியலாம், தீவுக்கு மிச்சமில்லை.

ஸ்கூட்டர் கணக்கு வேறு. மின்சார ஸ்கூட்டர் நூறு கிலோமீட்டருக்கு மூன்று, மூன்றரை யூனிட்டோடு நிற்கும். டீசல் மின்சாரமே ஆனாலும் ஒரு லிட்டர்தான். பெட்ரோல் ஸ்கூட்டருக்கு இரண்டு லிட்டருக்கு மேல் வேண்டும். கோடி ரூபாய்க் காரில் கிடைக்காத மிச்சம் குமாஸ்தாவின் ஸ்கூட்டரில் கிடைக்கிறது.

பகல் பன்னிரண்டு மணிச் சாக்கெட்

அடுத்தது சாக்கெட். குவார்ட்டர்ஸில் இரண்டாம் மாடியில் குடியிருப்பவர் கீழே வெட்டவெளியில் வண்டியை நிறுத்துகிறார். மேலிருந்து ஒயர் விட்டால் மழைக்காலத்தில் ஆபத்து. தீவிலோ ஆண்டில் பாதிக்கு மேல் மழை. கழற்றி எடுக்கும் பேட்டரி உள்ள ஸ்கூட்டரானால் அதைத் தூக்கிக் கொண்டு மாடி ஏறலாம். அப்படியும் அவர் சொருகுவது ராத்திரியில், டீசல் எஞ்சின்கள் ஓடும் நேரத்தில்.

டாலிகஞ்சின் சூரியத் தகடுகள் உச்சியில் மின்சாரம் பொழியும் பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த ஸ்கூட்டர் ஆபீஸ் ஷெட்டில் சும்மா நிற்கிறது. ஆகவே தீவைப் பொறுத்தவரை வீட்டுச் சாக்கெட்டை விட ஆபீஸ் சாக்கெட்டுக்கே மதிப்பு அதிகம். கலிபோர்னியாவில் கேட்ட கேள்வியை இங்கே கொஞ்சம் திருப்பிக் கேட்க வேண்டும்: பகலில் வண்டி நிற்கும் இடத்துக்கு இருபத்தைந்து அடிக்குள் என்ன இருக்கிறது?

கம்பெனியும் அரசும் பாதிப் பாதி உதவித்தொகை கொடுத்து ஆராய்ச்சி மாணவரைத் தொழிற்சாலையோடு இணைக்கும் பிரதமர் ஃபெலோஷிப் திட்டம் 2012ல் இந்தியாவில் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் தொழிற்சாலை வேலையில் இருந்தபடியே முதுநிலை ஆராய்ச்சி செய்ய வழி உண்டு. ஸ்கூட்டர் செய்யும் ஓசூரிலிருந்தோ, சூரியத் தகடு பதித்த நெய்வேலியிலிருந்தோ அப்படி ஒருவர் டாலிகஞ்சுக்குக் கப்பல் ஏறினால் விசாரிக்க வேண்டியவை நிறைய. ஆபீஸ் ஷெட்டில் சாக்கெட் வைத்தால் எத்தனை பேர் சொருகுவார்கள்? அந்த மீட்டரின் பில்லை இலாகா கட்டுமா, ஊழியர் சம்பளத்தில் பிடிப்பார்களா? மழை விடாமல் கொட்டும் ஜூன், ஜூலையில் எத்தனை பேர் பழைய பெட்ரோல் வண்டியை வெளியே எடுப்பார்கள்?