வீட்டிற்கு வரும் ஆபீஸ்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி, "இதை வைத்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமா?" என்பதுதான். பார்க்கலாம். ஆனால் எல்லா வேலையும் வீட்டிற்கு வராது.

நான் வசிக்கும் அம்பத்தூரையே எடுத்துக் கொள்வோம். 1964ல் தொடங்கிய தொழிற்பேட்டையில் முதலில் வந்தவை லேத் பட்டறைகளும் உதிரிபாகத் தொழிற்சாலைகளும். பின்னர் அங்கேயே ஆம்பிட் போன்ற ஐ.டி. பார்க்குகள் எழுந்தன. 2020 மார்ச் 25ல் ஊரடங்கு தொடங்கியதும் ஐ.டி. ஊழியர்கள் லேப்டாப்புடன் வீட்டில் அமர்ந்தனர். லேத் ஓட்டுபவருக்கோ, ஆவடி டாங்க் தொழிற்சாலையில் வெல்டிங் செய்பவருக்கோ அந்த வசதி இல்லை. பைலாக மாற்றக்கூடிய வேலைதான் வீட்டிற்கு வரும்.

எப்படி வருகிறது?

இதற்குப் பயன்படுவது வி.பி.என். இது இன்டர்நெட்டிற்குள் அமைக்கப்படும் தனிப் பாதை. உங்கள் கம்ப்யூட்டருக்கும் ஆபீஸ் சர்வருக்கும் இடையே செல்லும் தகவல்களைப் பூட்டி அனுப்புவதால், நடுவில் யாரும் படிக்க இயலாது.

முன்பு கால் சென்டர் ஊழியர்கள் வீட்டிலிருந்து பணியாற்ற, நிறுவனம் தொலைத்தொடர்புத் துறையிடம் டெபாசிட் கட்ட வேண்டும். 2020 மார்ச்சில் தற்காலிகமாகத் தளர்த்தப்பட்ட இந்த விதி, நவம்பர் 5ல் முற்றிலும் நீக்கப்பட்டது.

வீட்டில் என்ன வேண்டும்?

1. வீடியோ மீட்டிங்கில் உங்கள் படமும் குரலும் வெளியே செல்ல வேண்டும். எனவே இன்டர்நெட் இணைப்பு வாங்கும்போது டவுன்லோடு வேகத்துடன் அப்லோடு வேகத்தையும் கேளுங்கள்.

2. கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், மோடம் நின்றுவிடும். மோடத்தையும் யு.பி.எஸ்.ஸில் இணைத்திடுங்கள்.

3. ஆபீஸில் கரண்ட் பில், நெட் பில், நாற்காலி எல்லாம் கம்பெனி செலவு. வீட்டில் அது உங்கள் செலவு. இதற்குத் தனித்தொகை உண்டா என்று வேலையில் சேருமுன் கேளுங்கள்.

வீடு மாறலாமா?

ஆபீஸ் போக வேண்டாமே என்று, வாடகை குறைவான பூந்தமல்லிக்கு அப்பால் குடியேற நினைக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். 2025க்குள் ஒரே நேரத்தில் 25 சதவீத ஊழியர்களுக்கு மேல் ஆபீஸில் இருக்கத் தேவையில்லை என்று 2020ல் கூறியது டி.சி.எஸ். அதே நிறுவனம் 2023 அக்டோபர் முதல் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. வேலை உத்தரவில் எழுத்தில் என்ன உள்ளது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

எச்சரிக்கை

"வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, முன்பணம் கட்டினால் போதும்" என்று வரும் மெசேஜ்களை உடனே அழித்துவிடுங்கள். வேலை தருபவர் சம்பளம் தருவார். உங்களிடம் பணம் கேட்க மாட்டார். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் தெரிவியுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு அதிகம்.