ஆய்வக உதவியாளரின் உரிமையும் ஜாக்கிரதையும்

பள்ளிக்கூடத்து விஞ்ஞானக் கல்வியைப் பற்றிப் பேசும்போது ஆசிரியரையும் மாணவரையும் நினைக்கிற நாம், வகுப்பு கூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே ஆய்வகத்தின் கதவைத் திறந்து, அலமாரியிலிருந்து புட்டிகளை இறக்கி, அடர்ந்த அமிலத்தை நீர்த்து, பிள்ளைகளின் கைக்கு ஏற்றவாறு சிறு புட்டிகளில் ஊற்றி வைக்கின்ற ஆய்வக உதவியாளரைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. ஆனால் மாணவன் தொடுவது நீர்த்த அமிலம். உதவியாளர் தொடுவது அடர் அமிலம். மாணவன் ஒரு சோதனைக் குழாயைச் சூடாக்கும்போது ஆசிரியர் பக்கத்தில் நிற்கிறார். உதவியாளர் ஒரு புட்டியைத் திறக்கும்போது அநேகமாக அவர் அருகில் ஒருவரும் இல்லை. ஆகவே பள்ளி ஆய்வகத்தின் பெரிய அபாயங்கள் பரிசோதனை நடக்கிற நேரத்தைவிட அதற்கான ஆயத்தம் நடக்கிற நேரத்திலேயே அதிகம் குடிகொண்டிருக்கின்றன என்பதையும், அந்த நேரத்தில் உதவியாளருக்குக் கிடைக்கும் பாதுகாப்பே பிறகு பிள்ளைகளுக்கும் பாதுகாப்பாகிறது என்பதையும் குருவிகுளம் வட்டாரத்துப் பள்ளிகளுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2019-ஆம் ஆண்டு நவம்பரில் திருநெல்வேலியினின்று பிரிந்து தென்காசி மாவட்டம் உருவானபோது அதனுள் அமைந்த ஒன்றியங்களுள் குருவிகுளமும் ஒன்று. சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் இடைப்பட்ட இந்தக் கரிசல் பூமியில் தீப்பெட்டித் தொழில் ஜனங்களின் ஜீவனத்தோடு கலந்தது. பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் ஒன்று சேர்ந்து உராய்ந்தால் என்ன விபரீதம் நேரும் என்பதை இவ்வட்டாரத்தாருக்கு யாரும் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. அந்த அனுபவ ஞானம் பள்ளி ஆய்வகத்துக்குள்ளும் வர வேண்டும்.

தமிழக அரசு 2015-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதி, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் 4,362 ஆய்வக உதவியாளர் பணியிடங்களுக்குத் தேர்வு நடத்தியபோது, அதற்கு விதித்த கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கருத்தும் கவனமும் உள்ளவர் எவரும் இப்பணியைச் செவ்வனே செய்யலாம். ஆயினும், பத்தாம் வகுப்பில் அடர் கந்தக அமிலத்தைத் தம் கையால் தொட்டிராத ஒருவரிடம் அந்த அமிலம் நிரம்பிய அலமாரியின் சாவியை ஒப்படைக்கும்போது, அதைக் கையாளும் முறையையும் சேர்த்து ஒப்படைப்பது நிர்வாகத்தின் கடமை. இங்கிலாந்தில் 1963-ஆம் ஆண்டிலேயே ‘கிளீப்ஸ்’ என்ற அமைப்பு தோன்றி, ஒவ்வொரு ரசாயனத்தின் அபாயத்தையும் அதற்குரிய முன்னெச்சரிக்கையையும் தனித்தனி அட்டைகளில் அச்சிட்டுப் பள்ளி ஆய்வகப் பணியாளர்களுக்கு வழங்கி வருகிறது. அத்தகைய அட்டை நம்மிடம் இல்லாத வரையில், புட்டியின் மேல் ஒட்டியுள்ள சீட்டும், அதில் சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துக்குள் வரைந்திருக்கும் அபாயக் குறிகளுமே நமக்கு முதற்பாடம்.

அபாயம் இருக்கும் இடங்கள்

அமிலம் என்றால் எல்லாரும் அஞ்சுகிறார்கள். அஞ்சுவதால் ஓரளவு கவனமும் இருக்கிறது. அபாயம் மிகுதியாக இருப்பதோ, அஞ்சத் தோன்றாத பொருள்களில். மேல்நிலை வகுப்பில் ஆல்டிஹைடைக் கண்டறியப் பயன்படும் டாலன்ஸ் கரைசல், பார்வைக்குத் தண்ணீரைப் போலவே இருக்கும். மிஞ்சியதை நாளைக்கு ஆகட்டும் என்று எடுத்து வைத்தால், நேரம் செல்லச் செல்ல அதிலிருந்து வெடிக்கும் தன்மையுள்ள வெள்ளிச் சேர்மம் உருவாகிறது. ஆகவே அதை அவ்வப்போது தேவையான அளவு மட்டும் தயாரித்து, பரிசோதனை முடிந்தவுடன் நீர்த்த அமிலம் சேர்த்துக் கொட்டிவிட வேண்டும்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் அவ்வாறே. தரம்பார்த்தலில் அதனுடன் நீர்த்த கந்தக அமிலம் சேர்ப்பதே முறை. கைதவறி அடர் கந்தக அமிலத்தைச் சேர்த்துவிட்டால் வெடிக்கும் பொருள் உண்டாகும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால் மூச்சை அடைக்கும் குளோரின் வாயு கிளம்பும். அதே வாயு, அமிலம் கொட்டிய தொட்டியில் ப்ளீச்சிங் பவுடர் தூவித் தேய்க்கும்போதும் எழும் என்பதால், ஆய்வகத் தொட்டியை முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே வேறு எதையும் இடலாம். செய்முறைத் தேர்வுகள் நெருங்குகிற பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இப்பகுதியில் வெயில் ஏறத் தொடங்குகிறது; அடர் அம்மோனியாப் புட்டிக்குள் வாயுவின் அழுத்தமும் அதனுடன் ஏறுகிறது. குளிர்ந்த நீரில் சிறிது நேரம் வைத்திருந்து, முகத்தை விலக்கிக்கொண்டு, ஜன்னல் அருகில் நின்று திறப்பதே விவேகம்.

உயிரியல் அறையில் மாதிரிகளைப் பதப்படுத்தும் பார்மலினிலுள்ள பார்மால்டிஹைடை, உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. அதை மூடிய அறையில் மாற்றி ஊற்றுதல் கூடாது. சாராய விளக்கோ, எரிந்துகொண்டிருக்கும்போதே நிரப்பப்படுவதால்தான் சத்துருவாகிறது. அமெரிக்காவில் மெத்தனாலைக் கொண்டு வண்ணச் சுவாலைகளைக் காட்டும் பரிசோதனையின் அபாயத்தைப் பற்றி, ரசாயன விபத்துகளை ஆராயும் அரசு வாரியம் 2013 டிசம்பரில் ஓர் எச்சரிக்கைப் படம் வெளியிட்டது. சில வாரங்களுக்குள், 2014 ஜனவரி 2-ஆம் தேதி, நியூயார்க் நகரத்துப் பள்ளி ஒன்றில் அதே பரிசோதனையில் மாணவர்கள் தீக்காயம் அடைந்தார்கள். வெளியான எச்சரிக்கை, புட்டியைத் திறக்கிறவரின் காதுக்குப் போய்ச் சேராவிட்டால் அதனால் பயன் விளைவதில்லை.

ஆயத்தத்தின் முறை

ஆசிரியர் எந்தப் பரிசோதனை, எந்தக் கரைசல், எவ்வளவு செறிவு, எத்தனை மாணவர் என்பதை முதல் நாளே எழுத்தில் தர வேண்டும். மணியடித்த பிறகு வாய்மொழியாக வரும் அவசரக் கட்டளையே பல தவறுகளுக்குத் தாய். புதிய பரிசோதனையாயின் ஆசிரியர் முன்னிலையில் ஒரு முறை செய்து பார்த்த பின்னரே வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும்.

உடை பருத்தியாக இருக்கட்டும். நைலான் உருகி உடலோடு ஒட்டிக்கொள்ளும். 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வகத்தில், காற்றுப் பட்டால் தீப்பற்றும் ரசாயனம் சிந்தியபோது, மேலங்கி அணியாது செயற்கை இழை ஆடையோடு நின்ற இளம் ஆய்வகப் பணியாளர் ஒருவர் தீக்காயமுற்று, பதினெட்டு நாள்கள் கழித்து உயிரிழந்தார். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, மேலங்கி, மூடிய காலணி ஆகிய நான்கும் ஆயத்த நேரத்தில் கட்டாயம். சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இறுகச் செருகி, கூந்தலைப் பின்னி முடித்திருக்க வேண்டும். பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கத்தை இன்றே கைவிட்டு, ரப்பர்க் குமிழைப் பயன்படுத்த வேண்டும்.

அமிலத்தை நீர்ப்பதில் மாறாத விதி ஒன்று உண்டு: தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றலாகாது. 1 லிட்டர் அளவுக்கு 1 மோலார் கந்தக அமிலம் வேண்டுமாயின், வெப்பம் தாங்கும் கண்ணாடி முகவையில் முதலில் சுமார் 700 மில்லிலிட்டர் வாலை வடிநீரை எடுத்து, முகவையைக் குளிர்ந்த நீர் உள்ள தட்டில் இருத்தி, 98 சதவீத அடர் அமிலத்தில் ஏறத்தாழ 55 மில்லிலிட்டரைக் கண்ணாடிக் கோலின் வழியே சிறிது சிறிதாக இறக்கிக் கலக்கி, முற்றிலும் ஆறிய பின்னரே மீதி நீரைச் சேர்த்து அளவைச் சரிசெய்ய வேண்டும். அளவு உருளையிலும் தடித்த கண்ணாடிப் புட்டியிலும் இதைச் செய்தால், எழும் வெப்பத்தில் அவை விரிசல் விடும்.

அடர் அமிலப் புட்டிகள் கண் மட்டத்துக்குக் கீழேயுள்ள தட்டில், கசிவைத் தாங்கும் தாம்பாளத்தின் மேல் இருக்க வேண்டும். நைட்ரிக் அமிலத்தின் பக்கத்தில் சாராயமோ அசிட்டோனோ இருக்கலாகாது. மண்ணெண்ணெயில் மூழ்கிய சோடியம் தண்ணீர்க் குழாய்க்கு அருகில் இருக்கலாகாது. குளிர்பானப் புட்டியில் எந்த ரசாயனத்தையும் ஊற்றி வைத்தல் மன்னிக்கத் தகாத பிழை. பெயரும் செறிவும் தயாரித்த தேதியும் எழுதாத புட்டி, எதுவாயினும், பயன்படுத்தத் தகாதது.

விபத்து நேர்ந்தால்

கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு காணும் இந்த ஒன்றியத்துப் பள்ளிகளில், குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டே அமிலப் புட்டியைத் திறக்க வேண்டும். குழாயை மட்டும் நம்பாமல், மூடிய பாத்திரத்தில் சுத்தமான தண்ணீர் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். கண்ணில் அமிலமோ காரமோ தெறித்தால், இமைகளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, குறைந்தது 20 நிமிடம் இடைவிடாது தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கழுவாமல் மருத்துவமனைக்கு ஓடுகிற நேரம் பார்வையைப் பறிக்கிற நேரம். தோலில் பட்டாலும் நனைந்த உடையை உடனே அகற்றித் தண்ணீரையே பிரயோகிக்க வேண்டும். அமிலத்தை முறிப்பதாக எண்ணிக் காரத்தைப் பூசுதல் காயத்தை ஆழப்படுத்தும். தீக்காயத்தின் மேல் மையும் மாவும் பற்பசையும் தடவலாகாது. விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யலாகாது. முதலுதவி நடந்துகொண்டிருக்கும்போதே மற்றொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். மருத்துவமனைக்குச் செல்லும்போது அந்த ரசாயனத்தின் பெயர்ச் சீட்டையும் கையோடு கொண்டு செல்ல வேண்டும்.

சட்டம் தரும் காப்பு

2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீயின் விளைவாக எழுந்த பொதுநல வழக்கில், உச்சநீதிமன்றம் 2009-ஆம் ஆண்டு, கல்வி பெறும் உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்து, தீயணைப்புக் கருவிகளும் பணியாளர் பயிற்சியும் வேண்டுமென ஆணையிட்டது. தீயணைப்பான் இல்லாத ஆய்வகத்தைக் கண்டால், அது வெறும் குறைபாடு என்று விட்டுவிடாமல், ஆணை மீறல் என்று சொல்லும் தகுதியை இத்தீர்ப்பு நமக்கு அளிக்கிறது.

அமில வீச்சுக்கு ஆளான லக்ஷ்மி என்ற பெண்மணி தொடுத்த வழக்கில், 2013 ஜூலை 18-ஆம் தேதி உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணை ஆய்வக உதவியாளர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. அமிலம் வைத்திருக்கும் கல்வி நிறுவனம் அதன் உபயோகத்துக்குப் பதிவேடு பராமரித்து அதைக் கோட்ட நடுவரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அமிலத்தின் பாதுகாப்புக்கு ஒருவரைப் பொறுப்பாளராக நியமிக்க வேண்டும். ஆய்வகத்தை விட்டு வெளியேறுவோரைச் சோதித்தல் கட்டாயம். தென்காசி மாவட்டத்தில் இப்பகுதிக்குரிய கோட்டம் சங்கரன்கோவில். பொறுப்பாளர் யார் என்பது எழுத்தில் இல்லாத பள்ளியில், ஒரு புட்டி காணாமற் போனால் பழி சாவி வைத்திருப்பவர் தலையிலேயே விழும். ஆதலால் தலைமை ஆசிரியரிடமிருந்து நியமன ஆணையை எழுத்தில் பெறுவதும், இருப்பையும் செலவையும் அன்றன்றே எழுதி ஆசிரியரின் கையொப்பம் வாங்குவதும் உதவியாளருக்குக் கவசம்.

பணியின்போது ஊனமுற்ற அரசு ஊழியரை, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி, வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ இயலாது. அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். தனியார் பள்ளியில் பணியாற்றி, இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்க்கப்பட்டிருப்பவருக்குப் பணிக்காயத்துக்கான காப்பு, சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு.

பரிகாரம் தேடும் வழி

இவ்வுரிமைகள் எல்லாம் எழுத்தில் பதிந்திருந்தால்தான் பலன் தரும். காயம் சிறிதாயினும், நேரம், இடம், செய்துகொண்டிருந்த வேலை, கண்டவர் பெயர் ஆகியவற்றைக் குறித்துத் தலைமை ஆசிரியருக்கு அன்றே கடிதம் கொடுத்து, நகலில் ஒப்புதல் பெற வேண்டும். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் பணியின்போது நேர்ந்தது என்று பதியச் சொல்லி அதன் நகலையும் வாங்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் இல்லையெனில், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் வரும் பள்ளி மானியத்தை ஆய்வகச் செலவுக்கும் பயன்படுத்த விதி இடம் தருகிறது என்பதைச் சுட்டிக்காட்டி, பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் கோரிக்கை வைக்கலாம். அங்கும் வழி பிறக்காவிடின் மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர், திங்கட்கிழமைகளில் ஆட்சியர் நடத்தும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் என்று படிப்படியாகச் செல்லலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணைப் பெற்றோரும் மாணவரும்கூட அழைக்கலாம்.

உதவியாளர் பணியிடம் காலியாக இருக்கும் பள்ளியில், அந்த வேலையை மாணவர் தலையில் சுமத்துதல் எவ்விதத்திலும் நியாயமன்று. அடர் அமிலத்தை நீர்ப்பதற்கும் உடைந்த கண்ணாடியைப் பொறுக்குவதற்கும் பிள்ளைகளை ஏவுகிறார்கள் என்று தெரிந்தால், பெற்றோர் மறுநாளே பள்ளிக்குச் சென்று கேட்க வேண்டும்.

குருவிகுளம் வட்டாரத்து ஆய்வக உதவியாளர்களே, முறையான கருவி இல்லாமலும் தண்ணீர் இல்லாமலும் ஒரு பரிசோதனையை ஆயத்தம் செய்யச் சொன்னால், மரியாதையோடும் காரணத்தோடும் இயலாது என்று எழுத்தில் தெரிவியுங்கள். அவ்வாறு தெரிவிப்பதும் உங்கள் கடமையின் ஒரு பகுதியே. தலைமை ஆசிரியர்களே, அக்கடிதத்தைக் கீழ்ப்படியாமை என்று கருதாமல், உங்கள் பள்ளியைப் பெரும் பழியிலிருந்து காக்க வந்த நல்லுரையாக ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்த செய்முறை வகுப்புக்கு முன்பாக உங்கள் பள்ளி ஆய்வகத்தில் பாதுகாப்புக் கண்ணாடி, தண்ணீர், தீயணைப்பான், அமிலப் பதிவேடு ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று நேரில் சென்று பாருங்கள். இல்லாததை அந்த வாரத்துக்குள்ளேயே வாங்கி வையுங்கள்.