ஒரு டிக்கெட், நான்கு மின்சாரங்கள்

ஆம்ஸ்டர்டாமில் ரயில் ஏறி, பிரஸ்ஸல்ஸில் மாறி, ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் போகிறவர் இரண்டு நாட்டு எல்லைகளைக் கடக்கிறார். எல்லைக்கோடு எங்கே இருந்தது என்றுகூட ஜன்னலோரம் இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் தலைக்கு மேலே ஓடும் கம்பியில் அந்தச் சில மணி நேரத்துக்குள் நான்கு வகை மின்சாரம் மாறியிருக்கும். நெதர்லாந்தின் பழைய பாதைகளில் 1,500 வோல்ட் நேர்திசை மின்சாரம். அதிவேகப் பாதைக்கு ஏறினால் 25,000 வோல்ட் மாறுதிசை. பெல்ஜியத்தின் பழைய பாதையில் 3,000 வோல்ட் நேர்திசை. ஜெர்மனிக்குள் 15,000 வோல்ட் மாறுதிசை, அதுவும் வேறெங்கும் வீட்டுக்கு வராத ஓர் அதிர்வெண்ணில்.

ஒவ்வொரு நாடும் தன் ரயிலுக்கு மின்சாரம் கொடுத்த காலத்தில் எது சிறந்த வழியோ அதைப் பிடித்துக்கொண்டது. பிறகு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கம்பியைக் கழற்றி மாற்ற யாரால் முடியும்?

தொடக்ககால மோட்டார்களுக்கு நேர்திசை மின்சாரமே ஒத்துவந்தது. ஆனால் அதில் வோல்டேஜை உயர்த்துவது கடினம். வோல்டேஜ் குறைந்தால் அதே வேலைக்கு அதிக மின்னோட்டம் வேண்டும். 6,000 கிலோவாட் இழுக்கும் எஞ்சினுக்கு 25,000 வோல்ட்டில் 240 ஆம்பியர் போதும். 1,500 வோல்ட்டில் 4,000 ஆம்பியர் வேண்டும். அதைத் தாங்கக் கம்பி தடிக்க வேண்டும், துணைமின் நிலையங்களும் நெருங்கி நெருங்கி அமைய வேண்டும்.

ஜெர்மானியப் பொறியாளர்கள் மாறுதிசையைத் தேர்ந்தார்கள். உயர்ந்த வோல்டேஜில் அனுப்பி, எஞ்சினுக்குள் மின்மாற்றி வைத்துக் குறைத்துக்கொள்ளலாம். தடையாக நின்றது அன்றைய மோட்டார். வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் அதன் கார்பன் பிரஷ்கள் தீப்பொறி கக்கின. பிரஷ் தொடும் சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தம் அதிர்வெண்ணோடு சேர்ந்து ஏறுவதுதான் காரணம். மோட்டாரைத் திருத்த முடியாதபோது மின்சாரத்தையே திருத்தினார்கள். 50-ஐ மூன்றால் வகுத்து, 16⅔ ஹெர்ட்ஸ். 1912-இல் பிரஷ்யா, பவேரியா, பாடன் ரயில்வேக்கள் இதற்கு உடன்பட்டன. ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, சுவீடன், நார்வே நாடுகளிலும் இன்றுவரை ஏறத்தாழ அதுவே. ஜெர்மனியில் ரயிலுக்கென்றே தனி மின்தடங்கள் நாடெங்கும் ஓடுகின்றன. மியூனிக்குக்குத் தெற்கே 1924-இல் தொடங்கிய வால்சென்சே நீர்மின் நிலையத்தில் ஒரே ஏரியின் தண்ணீர் சில விசையாழிகளைச் சுழற்றி ஊருக்கு 50 ஹெர்ட்ஸும், வேறு சிலவற்றைச் சுழற்றி ரயிலுக்குத் தனி மின்சாரமும் தருகிறது. அந்தத் தீப்பொறிக்குப் பயந்த மோட்டார்கள் எப்போதோ பயனிழந்தன. அவற்றுக்காகப் பிறந்த மின்சாரம் மட்டும் நிலைத்துவிட்டது. ஐரோப்பிய ரயில்களைப் பற்றி நான் அறிந்தவற்றில் என்னை மிக வியக்கவைப்பது இதுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரான்ஸ் சாதாரண 50 ஹெர்ட்ஸையே 25,000 வோல்ட்டில் ஓட்டிக் காட்டியது. 1957-இல் இந்திய ரயில்வே தேர்ந்தெடுத்ததும் அதைத்தான், பிரெஞ்சு ரயில்வேயின் ஆலோசனையோடு.

இரண்டு மின்சாரங்கள் சந்திக்கும் இடத்தில் கம்பியின் ஒரு துண்டு உயிரற்றுக் கிடக்கும். அங்கே வருமுன் ஓட்டுநர் மின்சாரத்தைத் துண்டிக்கிறார். கம்பியைத் தொடும் பான்டோகிராஃப் கீழிறங்குகிறது. நூற்றுக்கணக்கான டன் எடை, வந்த வேகத்திலேயே வழுக்கிக்கொண்டு போகிறது. இரும்பின்மேல் இரும்பு உருள்வதால் உராய்வு மிகக் குறைவு. வேகம் தளர்வதே தெரியாது. சில எஞ்சின்களில் அப்புறம் எழுவது வேறொரு பான்டோகிராஃப். உள்ளே போகும் எந்த மின்சாரத்தையும் குறைகடத்திகள் முதலில் நேர்திசையாக்கி, பிறகு மோட்டார் கேட்கும் அதிர்வெண்ணில் மாறுதிசையாக வெட்டித் தருகின்றன. 1912-இல் முடியாமல் போனது இதுதான்.

இந்த வித்தைக்கு விலை அதிகம். அதனால் பல நாடுகளில் ஓடும் விரைவு ரயில்களுக்குத்தான் அது முக்கியமாகக் கிடைக்கிறது. சிறு ஊர்களில் நின்று நின்று போகும் ரயில்கள் பெரும்பாலும் தம் நாட்டு மின்சாரத்தோடு நின்றுவிடும். சிக்கனமாகச் சுற்றுகிறவருக்கு இது முக்கியமான செய்தி. ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்கள் ஒரே டிக்கெட்டில் பல நாட்டு ரயில்களில் போவதற்கான யூரெயில் பாஸ் 1959-இல் 13 நாடுகளோடு தொடங்கியது. ஐரோப்பிய இளைஞர்களுக்கான இன்டர்ரெயில் 1972-இல் வந்தது. இன்று இரண்டும் 33 நாடுகளில் செல்லும். ஆனால் பாஸ் இருந்தாலும் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் அதிவேக ரயில்களில் முன்பதிவுக்குத் தனிக் காசு. இரவு ரயிலில் படுக்கைக்கும் அப்படியே, என்றாலும் நள்ளிரவுக்கு முன் கிளம்பும் நேரடி ரயிலுக்குப் பாஸின் பயண நாட்களில் கிளம்பும் நாள் ஒன்றுதான் கழியும், ஓட்டல் வாடகையும் மிச்சம். பகலில் முன்பதிவு கேட்காத உள்ளூர் ரயில்களில் போனால் செலவு இன்னும் குறையும். ஆனால் எல்லையில் மாறி ஏற வேண்டியிருக்கும்.

நீஸிலிருந்து கடலோரமாக வரும் பிரெஞ்சு உள்ளூர் ரயில் இத்தாலியின் வென்டிமிக்லியாவோடு முடிந்துவிடும். ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் நடுவே, ஆல்ப்ஸில் ஏறத்தாழ 1,370 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிரென்னர் நிலையத்தில் பல பத்தாண்டுகள் எஞ்சின்களையே கழற்றி மாற்றினார்கள். இன்று மியூனிக்–வெரோனா ரயில்கள் எஞ்சின் மாற்றாமல் கடக்கின்றன. உள்ளூர் ரயிலில் வருகிறவர் இங்கே இறங்கி அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தால், அந்த நேரத்தில் மேலே பார்க்கலாம். இத்தாலி நோக்கி இறங்கும் பாதையில், 3,000 வோல்ட்டின் கனத்த மின்னோட்டத்துக்காக, பான்டோகிராஃப் உரசிப்போகும் கம்பி இரட்டையாக ஓடும். ஆஸ்திரியா பக்கம் 15,000 வோல்ட்டுக்கு ஒற்றைக் கம்பியே போதும்.