ஈரல் புற்றுநோயும் உடலின் காவலர்களும்

"குடிக்கிறவைக்குத்தானே ஈரல் பழுதாகும்? எனக்கேன் இந்த வருத்தம்?" இப்படிக் கேட்டுக் கண்கலங்கும் பெண்கள் பலர். ஊர் வாய்க்குப் பயந்து நோயை மறைப்போரும் உண்டு.

சகோதரிகளே, மதுவைத் தொடாதவர்களுக்கும் ஈரல் நோய் வரும். நீரிழிவும் உடற்பருமனும் உள்ளவர்களின் ஈரலில் கொழுப்புப் படிகிறது. ஹெப்படைடிஸ் பி, சி வைரசுகளும் ஈரலைத் தாக்குகின்றன. பல ஆண்டுகளாகப் புண்பட்டு, ஆறி, தழும்பேறி இறுகிய ஈரலிலேயே பெரும்பாலும் புற்றுநோய் தோன்றுகிறது. இலங்கையில் வைரசுகளை விட மதுவும் கொழுப்புப் படிதலுமே இதற்கு முக்கிய காரணங்கள். ஆகவே நோயாளியைப் பழிசொல்வதில் நியாயமில்லை.

காவலர் ஏன் தடுப்பதில்லை?

எமது குருதியில் ரீ-கலங்கள் எனப்படும் காவலர்கள் உள்ளனர். கெட்டுப்போன கலங்களைத் தேடி அழிப்பது இவர்களின் வேலை. இவர்களின் மேற்பரப்பில் 'வாங்கிகள்' எனும் புரதங்கள் இருக்கின்றன. பூட்டுக்குள் திறப்புப் பொருந்துவது போல, வாங்கியில் உரிய பொருள் பொருந்தியதும் கட்டளை பிறக்கும். சில வாங்கிகள் 'தாக்கு' என்கின்றன. சில 'நில்' என்கின்றன. 'நில்' என்ற கட்டளை இல்லாவிட்டால் காவலர்கள் எமது உடலையே தாக்கிவிடுவார்கள்.

இந்த 'நில்' வாங்கிகளுக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் சோதனைச் சாவடி. சாவடிகளைக் கடந்து வாழ்ந்த எமக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. அடையாள அட்டையைக் காட்டியவரைக் காவலர் போகவிடுவார். புற்றுநோய்க் கலமும் பீ.டி.எல்-1 என்ற அட்டையை நீட்டுகிறது. ரீ-கலத்தின் பீ.டி-1 வாங்கி அதைப் பற்றியதும் காவலர் கைகட்டி நின்றுவிடுகிறார்.

ஈரலில் இந்த ஏமாற்று இன்னும் இலகு. குடலிலிருந்து உணவுச் சத்துகளும் கிருமித் துணுக்குகளும் குருதியோடு ஈரலுக்கே வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றின் மீதும் காவலர் பாய்ந்தால் ஈரல் தாங்காது. எனவே அங்குள்ள காவல் இயல்பாகவே பொறுமையானது. அந்தப் பொறுமைக்குள் புற்றுநோய் ஒளிந்துகொள்கிறது.

புதிய மருந்துகள்

பீ.டி-1 வாங்கியை 1992ஆம் ஆண்டு ஜப்பானின் தசுக்கு ஹொன்ஜோ குழுவினர் கண்டறிந்தனர். சீ.டி.எல்.ஏ-4 என்ற இன்னொரு 'நில்' வாங்கியை மறித்துப் புற்றுநோயை எதிர்க்கலாம் என அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன் காட்டினார். இருவரும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர்.

முற்றிய ஈரல் புற்றுநோய்க்கு 2007 முதல் சொராஃபெனிப் மாத்திரையே முதன்மை மருந்தாக இருந்தது. 2020இல் வெளியான ஆய்வொன்றில், பீ.டி.எல்-1ஐ மறிக்கும் அட்டெசொலிசுமாப் மருந்தும், கட்டிக்குக் குருதிக்குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவசிசுமாப் மருந்தும் சேர்த்து ஏற்றப்பட்டன. ஓராண்டின் பின், 100 பேரில் 67 பேர் வரை உயிருடன் இருந்தனர். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் அத்தொகை சுமார் 55. இரண்டு 'நில்' கட்டளைகளையும் ஒருசேர மறிக்கும் இன்னொரு மருந்துச் சோடிக்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டிம்-3, லாக்-3 போன்ற வேறு வாங்கிகளும் ஆராயப்படுகின்றன.

ஆனால் இவை எல்லோருக்கும் பலன் தருவதில்லை. விலையும் மிக அதிகம். கட்டவிழ்ந்த காவலர்கள் தோல், குடல், தைரொயிட் சுரப்பி, நுரையீரல் என்பவற்றைத் தாக்கவும் கூடும். சிகிச்சையின்போது வயிற்றோட்டம், மூச்சுத்திணறல், கடும் களைப்பு ஏற்பட்டால் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

* குழந்தைகளுக்கான தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி இலங்கையில் 2003இலிருந்து வழங்கப்படுகிறது. 1984இல் இதைத் தொடங்கிய தாய்வானில் பிள்ளைகளிடையே ஈரல் புற்றுநோய் பெரிதும் குறைந்தது.
* நீரிழிவையும் உடல் எடையையும் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள்.
* பூஞ்சணம் பிடித்த கச்சானையும் சோளத்தையும் எறிந்துவிடுங்கள்.
* வீட்டில் குடிப்பவர் இருந்தால், அதை விடுவதற்கு வைத்திய உதவி உண்டு என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.
* ஈரல் இறுகிவிட்டது என்று வைத்தியர் சொல்லியிருந்தால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான் செய்துகொள்ளுங்கள்.

கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால், அதை வெட்டியகற்றி முழுமையாகக் குணமடையவும் வாய்ப்புண்டு. பிள்ளைகளுக்காக ஓடியோடி உங்கள் உடம்பைப் பாராமல் விட்டது போதும். வெட்கத்தை விட்டு, அடுத்த கிளினிக்கிலேயே உங்கள் ஈரலைப் பற்றியும் வைத்தியரிடம் கேளுங்கள்.