வீட்டைச் சோதித்துச் சொல்லும் தொழில்



மூட்டையைப் பார்க்காமல் சரக்கு எடுக்கும் வியாபாரி நம்மில் கிடையாது. மிளகாய் என்றால் கையில் அள்ளி உடைத்துப் பார்ப்போம். பருப்பு என்றால் குத்தூசி போட்டு மூட்டையின் நடுவிலிருந்து எடுத்துக் கடித்துப் பார்ப்போம். ஐம்பது மூட்டைப் பருப்புக்கு இவ்வளவு பார்க்கிற நாம், பல வருடச் சம்பாத்தியத்தைக் கொட்டி ஒரு கட்டடம் வாங்கும்போது என்ன பார்க்கிறோம்? மூலப் பத்திரம் பார்க்கிறோம், வில்லங்கம் பார்க்கிறோம், வாஸ்து பார்க்கிறோம். பத்திரம் சரியாக இருந்தால் சுவரும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக் கொள்கிறோம்.

நாமும் அப்படித்தான் நினைத்தோம். 1993-ஆம் ஆண்டு ஆவணி மாதம் மதுரையில் ஒரு பழைய கிடங்கைக் கிரயம் செய்தோம். புதிதாக வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. ஐப்பசி மழையில் பின்சுவர் முழுக்க ஓதம் ஏறிவிட்டது. சுவரோரம் அடுக்கியிருந்த அறுபது மூட்டைத் துவரம்பருப்பு பூசணம் பிடித்துப் போயிற்று. குழி வெட்டிப் புதைத்தோம். தரகரைக் கேட்டதற்கு, "நீங்களும் பார்த்துத்தானே வாங்கினீங்க, அண்ணாச்சி" என்றார். கிரயம் முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன். ஓதத்தை அவர் ஏன் காட்டிக் கொடுக்கப் போகிறார்?

இதற்கென்றே ஒரு தொழில் அமெரிக்காவில் இருக்கிறது என்பதை 2019-இல்தான் நேரில் பார்த்தோம். நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் நமது மகன் அங்கே ஒரு பழைய வீடு வாங்கப் பேசியிருந்தான். விலை பேசி ஒப்பந்தம் எழுதியாயிற்று. ஆனால் பணம் முழுவதும் கைமாறுவதற்கு முன் 'ஹோம் இன்ஸ்பெக்டர்' வருவார் என்றான். போலீஸ் இன்ஸ்பெக்டர், விற்பனை வரி இன்ஸ்பெக்டர் எல்லாம் நமக்குத் தெரியும். இவர் சர்க்கார் ஆள் இல்லை. வாங்குபவர் கூலி கொடுத்து அமர்த்தும் தனி ஆள். வீட்டைச் சோதித்து, உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுப்பதே இவர் தொழில்.

என்ன பார்க்கிறார்?

ஏணி, டார்ச் விளக்கு, சுவரின் ஈரம் பார்க்கும் மீட்டர், மின்சார பிளக்கில் செருகினால் இணைப்பு சரியா என்று காட்டும் சிறு கருவி, ஒரு கேமரா. இவ்வளவுதான் கொண்டு வந்தார். கூரை, மழைநீர்க் குழாய், புகைபோக்கி, கூரைக்கு அடியிலுள்ள பரண், மின்சாரப் பெட்டி, தண்ணீர்க் குழாய்கள், வீட்டைச் சூடாக்கும் இயந்திரம், நிலவறை என்று மூன்று மணி நேரம் பார்த்தார். சுவரை உடைப்பதில்லை, தரையைத் தோண்டுவதில்லை. கண்ணுக்கும் கைக்கும் எட்டுவதை மட்டும் பார்ப்பது இத்தொழிலின் வரம்பு. 'வாங்கலாம், வாங்க வேண்டாம்' என்றோ, விலை அதிகம் என்றோ சொல்வதும் அவர் வேலை அல்ல. மறுநாள் படங்களுடன் அறிக்கை வந்தது. மகன் 450 டாலர் கொடுத்தான்.

தொழில் தொடங்குவது எப்படி?

வந்தவர் முன்பு தச்சு வேலை செய்தவர். சொந்தமாக இத்தொழில் தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. வியாபாரிக்கு வியாபாரி பேசுவதுபோல, எப்படித் தொடங்கினீர்கள் என்று கேட்டோம்.

நியூ ஜெர்சியில் உரிமம் வேண்டும். அதற்கு 180 மணி நேரப் பயிற்சி. அதில் 40 மணி நேரம் உரிமம் பெற்ற ஒருவரின் கூடவே போய்ச் சம்பளமில்லாமல் வீடுகளைச் சோதிக்க வேண்டும். நம் கடைகளில் பையன்கள் வேலை பழகுவது போலத்தான். பிறகு 4 மணி நேரம், 200 கேள்விகள் கொண்ட தேர்வு. தவறிப் போய் வழக்கு வந்தால் ஈடுகட்ட 5 லட்சம் டாலருக்குக் குறையாத காப்பீடும் எடுக்க வேண்டும். நியூயார்க்கில் 140 மணி நேரப் பயிற்சி போதும். கலிபோர்னியாவிலோ இதற்கு மாநில உரிமமே கிடையாது. மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் ரேடான் என்ற கெட்ட வாயுவைச் சோதிக்க நியூ ஜெர்சியில் தனிச் சான்றிதழ் வேண்டும்.

கடையும் சரக்கும் வேண்டாம், வீட்டிலிருந்தே நடத்தலாம் என்பதால் முதல் குறைவுதான். ஆனால் வாடிக்கை சேர நாளாகும். வீடு கைமாறுவது வசந்தத்திலும் கோடையிலும் அதிகம், பனிக்காலத்தில் மந்தம். ஆகவே முதல் வருடம் வீட்டுச் செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்றார்.

இத்தொழிலுக்கு வயது அதிகம் இல்லை. இவர்களுக்கான அமெரிக்கச் சங்கம் 1976-இல் ஏற்பட்டது. அதே 1976-இல் கலிபோர்னியாவில் டயாப்லோ என்ற ஊரில் ஓர் அம்மையார் 1,70,000 டாலருக்கு வீடு வாங்கினார். சரியாக இறுக்காமல் மண் கொட்டி நிரப்பிய நிலத்தில் கட்டிய வீடு அது. மண் சரிந்து வீடு பாழாயிற்று. வழக்கு நடந்து, 1984-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், விற்பனைத் தரகரும் வீட்டைக் கண்ணால் பார்த்துத் தெரியக்கூடிய குறைகளை வாங்குபவரிடம் சொல்லக் கடமைப்பட்டவர் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு, தனி ஆளை வைத்துச் சோதிப்பதே தங்களுக்கும் பாதுகாப்பு என்று தரகர்களே நினைக்கத் தொடங்கினார்கள். தொழில் பெருகியது.

கஷ்டம் எங்கே?

இங்கேதான் வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. கூலி கொடுப்பவர் வாங்குபவர். ஆனால் 'இன்னாரைக் கூப்பிடுங்கள்' என்று கைகாட்டுபவர் பெரும்பாலும் தரகர். தரகருக்கோ வியாபாரம் முடிந்தால்தான் கமிஷன். குறையை விடாமல் எழுதும் சோதனையாளருக்கு, 'வியாபாரத்தைக் கெடுப்பவர்' என்று பெயர் வந்துவிடும். அடுத்த வீட்டுக்கு அவரைக் கூப்பிட மாட்டார்கள்.

இதற்காகவே அவர்களுடைய சங்கம் கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறது. கிரயம் முடிவதைப் பொறுத்துக் கூலி பேசக்கூடாது. ஆள் அனுப்பியதற்காகத் தரகருக்குப் பணம் கொடுக்கக்கூடாது. தான் சோதித்த வீட்டில் தானே பழுது பார்க்கும் வேலையை எடுக்கக் கூடாது என்பதைக் கலிபோர்னியாவில் சட்டமாகவே வைத்து, 12 மாதம் தடை போட்டிருக்கிறார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில், விற்பவர் பக்கத்துத் தரகர் ஒரு குறிப்பிட்ட சோதனையாளரின் பெயரைச் சொல்லிச் சிபாரிசு செய்யவே கூடாது.

நம்மிடம் வந்தவருக்கும் இந்தச் சோதனை வந்தது. தொடங்கிய புதிதில் ஒரு தரகர்தான் அவருக்கு மாதம் நாலைந்து வீடு அனுப்பிக் கொண்டிருந்தாராம். ஒரு பழைய வீட்டில், நிலவறைச் சுவரில் வெட்டி விடப்பட்ட இரண்டு செப்புக் குழாய்களைப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் பழைய வீடுகளைச் சூடாக்க எண்ணெய்த் தொட்டியைத் தோட்டத்தில் புதைத்து வைப்பது வழக்கம். தொட்டி துருப்பிடித்து எண்ணெய் கசிந்தால், மண்ணைத் தோண்டிச் சுத்தம் செய்யும் செலவு வீட்டுக்காரர் தலையில் விழும், பல ஆயிரம் டாலர் ஆகும். 'தொட்டி புதைந்திருக்கலாம், தக்க ஆளை வைத்துத் தேடிப் பாருங்கள்' என்று எழுதினார். தேடினார்கள், தொட்டி இருந்தது. வியாபாரம் முறிந்தது. அந்தத் தரகர் அதன்பின் ஒரு வீடுகூட அனுப்பவில்லை.

கொஞ்சம் மெதுவாக எழுதியிருக்கலாமே என்று கேட்டோம். "மெதுவாக எழுதினால் தொட்டி சிறிதாகிவிடுமா?" என்று சிரித்தார். ஆறு மாதம் கஷ்டப்பட்டாராம், மறுபடி தச்சு வேலைக்கும் போனாராம். பிறகு, அந்த வீட்டை வாங்காமல் தப்பியவர் தன் சொந்தக்காரர்களிடமும் கூட வேலை செய்பவர்களிடமும் சொல்லி, ஒவ்வொருவராக வந்தார்கள். நமது மகனுக்கும் அந்த வழியில்தான் இவர் பெயர் கிடைத்தது.

எப்போதும் அப்படி நல்ல முடிவு வரும் என்று சொல்ல முடியாது. 2020 முதல் 2022 வரை அங்கே வீட்டுக்குப் போட்டி முற்றி, சோதனையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து வாங்கியவர்கள் ஏராளம். அப்படி வாங்கிய வீடுகளில் இவர் போன்றோருக்கு வேலையே இல்லை.

நமக்கு என்ன?

நம் வீட்டுப் பிள்ளைகளில் கட்டடப் படிப்புப் படித்து அங்கே போனவர்கள் இத்தொழிலை யோசிக்கலாம். ஆனால் ஒரே தரகரை நம்பி இறங்க வேண்டாம்.

இங்கே நாம் புதுக் கட்டடம் வாங்கினால், 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின்கீழ் வரும் கட்டடங்களுக்கு, சுவாதீனம் பெற்ற 5 ஆண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையைக் கட்டியவரே தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். தனி ஆளிடம் வாங்கும் பழைய கிடங்குக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், தரகர் அனுப்பாத ஓர் இன்ஜினீயரை நாமே தேடி, நம் கையால் கூலி கொடுத்துக் கட்டடத்தைக் காட்டுங்கள். முடிந்தால் ஒரு மழை பெய்த மறுநாள் காட்டுங்கள். அவர் கூலி எவ்வளவு ஆனாலும் அறுபது மூட்டைத் துவரம்பருப்பின் விலை வராது.