அடிப்படைக் காரணங்கற்பித்தல் பிழை

அடிப்படைக் காரணங்கற்பித்தல் பிழை என்பது, ஒருவரின் செயலுக்குக் காரணம் தேடும்போது அவருடைய குணத்துக்கு மிகுதியான இடமும் அவர் இருந்த சூழ்நிலைக்குக் குறைவான இடமும் அளிக்கும் போக்கு ஆகும். இது சமூக உளவியலில் மிகுதியாக ஆராயப்பட்ட கருத்துகளுள் ஒன்று. எடுத்துக்காட்டாக, நேர்முகத் தேர்வுக்குத் தாமதமாக வருபவரைப் பொறுப்பற்றவர் என்று தேர்வாளர் உடனே முடிவு செய்யக்கூடும். தொடர்வண்டி தாமதமாகியிருக்கலாம் என்பது தேர்வாளருக்கு அவ்வளவு எளிதில் தோன்றுவதில்லை.

கருத்தின் தோற்றம்

ஆஸ்திரியாவில் பிறந்த உளவியலாளர் பிரிட்ஸ் ஹைடர், மனிதர்களுக்கு இடையிலான உறவுகளின் உளவியல் பற்றி 1958 இல் ஒரு நூல் வெளியிட்டார். மக்கள் பிறரின் செயல்களுக்கு அகக் காரணம், புறக் காரணம் என இருவகைக் காரணங்களைக் கற்பிக்கின்றனர் என்று அதில் விளக்கினார். திறமை, முயற்சி, குணம் முதலியன அகக் காரணங்கள். பணியின் கடினம், பிறரின் கட்டளை, தற்செயல் முதலியன புறக் காரணங்கள். செயலைச் செய்பவரே பார்ப்பவரின் கண்முன் நிற்பதால் சூழ்நிலை மறைந்துபோகிறது என்பது ஹைடரின் கருத்து. இப்போக்குக்கு இன்று வழங்கும் பெயரை ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் லீ ராஸ் 1977 இல் இட்டார்.

முக்கியமான சோதனைகள்

கட்டுரைச் சோதனை: எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் ஆகியோர் 1967 இல் இதன் முடிவுகளை வெளியிட்டனர். பிடல் காஸ்ட்ரோவின் கியூபாவை ஆதரித்தோ எதிர்த்தோ எழுதப்பட்ட ஒரு கட்டுரை மாணவர்களுக்குத் தரப்பட்டது. எழுதியவரின் உண்மையான நிலைப்பாட்டை 10 முதல் 70 வரையான அளவுகோலில் அவர்கள் மதிப்பிட வேண்டும். எந்தப் பக்கம் எழுதுவது என்பதை எழுதியவர் தேர்ந்தெடுக்கவில்லை, அது அவருக்கு விதிக்கப்பட்டது என்று சில மாணவர்களிடம் தெளிவாகக் கூறப்பட்டது. அவ்வாறு கூறிய பின்னரும், ஆதரவுக் கட்டுரையாளருக்குச் சராசரியாக 44 புள்ளிகளும் எதிர்ப்புக் கட்டுரையாளருக்கு 23 புள்ளிகளும் கிடைத்தன.

வினாடி வினாச் சோதனை: லீ ராசும் உடன் ஆய்வாளர்களும் 1977 இல் இதனை வெளியிட்டனர். இருவருள் ஒருவர் வினவுபவராகவும் மற்றவர் விடையளிப்பவராகவும் தற்செயல் முறையில் பிரிக்கப்பட்டனர். வினவுபவர் தமக்குத் தெரிந்தவற்றிலிருந்து கடினமான 10 வினாக்களைத் தாமே உருவாக்கினார். விடையளிப்பவர் பலவற்றில் தடுமாறுவது இயல்பே. இருப்பினும், விடையளித்தவர்களும் பார்வையாளர்களும் வினவியவரையே பொது அறிவு மிக்கவர் என்று மதிப்பிட்டனர். வினாவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருந்ததை அவர்கள் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை.

இறையியல் மாணவர் சோதனை: சூழ்நிலை எவ்வளவு வலிமையானது என்பதை ஜான் டார்லி, டேனியல் பாட்சன் ஆகியோர் 1973 இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. பிரின்ஸ்டன் நகரின் இறையியல் பள்ளி மாணவர்கள் 40 பேர், உரையாற்றுவதற்காக வேறொரு கட்டடத்துக்கு அனுப்பப்பட்டனர். வழியில் ஒருவர் நோயுற்றவர் போல் சுருண்டு கிடந்தார். அவசரமின்றிச் சென்றவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினர். மிகவும் அவசரப்படுத்தப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே உதவினர். அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் உவமையைப் பற்றிப் பேசச் சென்றவர்களும் இவர்களுள் இருந்தனர். உரையின் தலைப்பு குறிப்பிடத்தக்க மாற்றத்தை ஏற்படுத்தவில்லை.

காரணங்கள்

டேனியல் கில்பர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 1988 இல் வெளியிட்ட விளக்கத்தின்படி, பிறரை மதிப்பிடுதல் இரு படிகளில் நிகழ்கிறது. முதலில், கண்ட செயலுக்கு ஏற்ற குணத்தை மனம் முயற்சியின்றிக் கற்பிக்கிறது. பின்னர், சூழ்நிலையைக் கருதி அம்முடிவைத் திருத்துகிறது. இரண்டாவது படிக்குக் கவனமும் முயற்சியும் தேவை. எனவே வேறொரு வேலையில் மனம் ஈடுபட்டிருக்கும்போது திருத்தம் நிகழாமல் போகிறது. முதல் முடிவே நிலைத்துவிடுகிறது.

பண்பாட்டு வேறுபாடு

இப்போக்கு எல்லாப் பண்பாடுகளிலும் ஒரே அளவில் காணப்படுவதில்லை. ஜோன் மில்லர் 1984 இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் சிகாகோ நகரத்தவரும் இந்தியாவின் மைசூர் நகரத்து இந்துக்களும் தமக்குத் தெரிந்தவர்களின் செயல்களுக்குக் காரணம் கூறினர். அமெரிக்கப் பெரியவர்கள் குணத்தையும், மைசூர்ப் பெரியவர்கள் உறவு, கடமை போன்ற சூழ்நிலைகளையும் மிகுதியாகச் சுட்டினர். சிறுவர்களிடம் இவ்வேறுபாடு பெரிதாகக் காணப்படவில்லை; வயது ஏற ஏற அது விரிந்தது. எனவே இப்போக்கின் ஒரு பகுதியேனும் வளர்ப்பின் வழியாகக் கற்கப்படுவதாகக் கருதப்படுகிறது.

விமர்சனங்கள்

பண்பாட்டுக்கு ஏற்ப மாறும் ஒன்றை அடிப்படையானது என அழைக்கலாமா என்ற கேள்வி எழுப்பப்பட்டுள்ளது. ஒருவரின் குணமும் அவர் செயலில் பங்கு வகிப்பதால், குணத்தைச் சுட்டும் ஒவ்வொரு விளக்கமும் பிழை ஆகாது. மேலும், மக்கள் தம் செயலுக்குச் சூழ்நிலையையும் பிறர் செயலுக்குக் குணத்தையும் காரணமாகக் கூறுவர் என்பது இதனோடு தொடர்புடைய கருத்து. பெர்ட்ரம் மாலே 2006 இல் 173 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, இதற்குப் பொதுவான சான்று மிகக் குறைவு என்று கண்டார்.

நடைமுறை முக்கியத்துவம்

தவறுக்குக் காரணமானவரைக் கண்டுபிடித்தவுடன் விசாரணை முடிந்துவிட்டால், தவறை உண்டாக்கிய சூழ்நிலை அப்படியே நீடிக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தரையிறங்கிய பின் பி-17 போன்ற அமெரிக்கப் போர் விமானங்களின் சக்கரங்களை விமானிகள் தவறுதலாக உள்ளிழுத்து விபத்துக்குள்ளாகினர். இவை விமானியின் பிழை என்றே கருதப்பட்டன. உளவியலாளர் அல்போன்ஸ் சபானிஸ் இதனை ஆராய்ந்தார். சக்கரத்துக்கான கட்டுப்பாடும் இறக்கை மடிப்புக்கான கட்டுப்பாடும் ஒரே தோற்றத்தில் அருகருகே இருந்தன. ஒன்றுக்குச் சக்கர வடிவமும் மற்றொன்றுக்கு ஆப்பு வடிவமும் கொண்ட பிடிகள் பொருத்தப்பட்டபின், தொட்ட மாத்திரத்திலேயே வேறுபாடு புலப்பட்டது, குழப்பம் நீங்கியது. மாற்றப்பட்டவை பிடிகள், விமானிகள் அல்லர். அமெரிக்கப் பயணிகள் விமான விதிகள், சக்கரக் கட்டுப்பாட்டின் பிடி சக்கர வடிவில் இருக்க வேண்டும் என்று இன்றும் வரையறுக்கின்றன.