இருபது மணி நேரம்

ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது, முதுகலை படிக்க வந்திருக்கும் ஒரு தம்பி மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, ஒருத்தர் தன் டெலிவரி கணக்கை வாடகைக்குத் தர்றார். ஓட்டட்டுமா?"

வேண்டாம் என்றேன். ஊரில் நிலத்தை அடகு வைத்து அவனை அனுப்பிய அப்பாவை நினைத்துத்தான் சொன்னேன். பிரிட்டனில் மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக் கூடாது; உணவு டெலிவரி பெரும்பாலும் அதில்தான் சேரும். பட்டப்படிப்பு மாணவர்கள் பாடக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இரண்டு கடைகளில் வேலை பார்த்தாலும் மொத்தம் 20தான். இந்த வாரம் 25, அடுத்த வாரம் 15 என்று சரிக்கட்ட முடியாது. முதுகலை மாணவர்களுக்குக் கோடையில் ஆய்வேடு எழுதும் மாதங்களும் பாடக் காலமே. மீறினால் விசாவே பறிபோகலாம்.

பிறகு என்ன வழி? பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு வழிகாட்டி மையத்துக்குப் போங்கள். தன்விவரக் குறிப்பைப் பார்த்துத் திருத்தம் சொல்வார்கள். மாதிரி நேர்காணல் நடத்துவார்கள். கட்டணம் இல்லை. வளாகத்திலேயே கிடைக்கும் வேலைகளையும் விசாரியுங்கள். கடைசிப் பருவம் வரை காத்திருக்காதீர்கள்.

படிப்பு முடிந்ததைப் பல்கலைக்கழகம் உள்துறைக்கு அறிவித்ததும், கையில் வேலை இல்லாமலே கிராஜுவேட் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். பிரிட்டனில் இருந்தபடி, மாணவர் விசா முடியுமுன் விண்ணப்பிக்க வேண்டும். 2026 டிசம்பர் 31 வரை விண்ணப்பிப்போருக்கு 2 ஆண்டுகள்; அதன்பின் 18 மாதங்கள். முனைவர் பட்டம் முடித்தோருக்கு 3 ஆண்டுகள்.

அந்தத் தம்பி இப்போது பல்கலைக்கழக நூலகத்தில் வாரம் 12 மணி நேரம் வேலை செய்கிறான். சம்பளம் குறைவுதான். ஆனால் கதவு தட்டும் சத்தம் கேட்டால் பயமில்லை என்கிறான்.

உங்களுக்கும் இப்படி ஒரு கேள்வி இருந்தால், தேநீர் மேசைக்கு வாருங்கள். கூச்சம் வேண்டாம்.